கூதிர் காலத்தில் கோழிக்கு ஒரு வீடு

சென்ற வருஷம் கார்த்திகை மாதத்தில், ஐந்து நாள் விடாமல் பெய்த அடைமழைக்குப் பின் வந்த ஒரு விடியற்காலையில், எங்கள் கொல்லைச் சேவல் கூவவில்லை. கூவ முயன்றது, தொண்டை கட்டிய பாகவதரைப் போல் ஒரு கரகரப்பான ஒலியை எழுப்பிவிட்டு நிறுத்திக்கொண்டது. எழுந்து போய்க் கூண்டைத் திறந்தேன். உள்ளே ஒன்பது பெட்டைகளில் இரண்டு செத்துக் கிடந்தன. மற்றவை கண் வீங்கி, மூக்கில் நீர் வடியத் தும்மிக்கொண்டு நின்றன.

அவை அனைத்தும் என் மனைவி தன் சிறுவாட்டுப் பணத்தில் வாங்கி வளர்த்தவை. முட்டை விற்ற காசை ஒரு டப்பாவில் தனியே போட்டு, பெண்ணின் மேற்படிப்புக்கென்று சேர்த்து வருகிறாள். கோழிகள் அவளுடையவை, ஆனால் கூண்டு என்னுடையது. “பனிக்காலம் வருகிறதே, இந்த வாயில்லா ஜீவன்கள் குளிரில் விறைத்துப் போகுமே!” என்று கவலைப்பட்டு, ஒரு சிறு சந்துகூட இல்லாமல் நல்ல தகரத்தில், 7,500 ரூபாய் செலவில் அதைச் செய்வித்தவன் நான். மழை தொடங்கியதும் இன்னும் பத்திரமாக இருக்கட்டும் என்று அதன்மேல் தார்ப்பாய் போட்டு மூடிக் கயிற்றால் இறுகக் கட்டியவனும் நானே. என் மனைவி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

“கோழிக் கூண்டைப் பற்றியும் ஒரு கட்டுரையா?” என்று வாசகர்களில் சிலர் புன்னகை செய்யக்கூடும். சைவர்களாயுள்ள அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிடவும் கூடும். ஆயினும், கொல்லையில் பத்துக் கோழி வைத்திருக்கும் குடும்பங்கள் நம் நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் அந்தப் பத்துக் கோழிதான் வீட்டுப் பெண்மணியின் பாங்கி. குழந்தைகளின் நோட்டுப் புத்தகமும் மருந்துச் செலவும் அதிலிருந்தே வருகின்றன. மழைக்காலத்தில் ஒரு வாரத்தில் அந்தப் பாங்கி முறிந்து போகாமல் காப்பது எப்படி என்பது அற்ப விஷயம் அன்று என்பது என் அபிப்பிராயம்.

வெங்காயம் சொன்ன பாடம்

எங்கள் ஊர் குரும்பலூர். பெரம்பலூரிலிருந்து துறையூருக்குப் போகும் சாலையில் இருக்கிறது. மேற்கே பச்சைமலைத் தொடர் தெரியும். சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பூமி.

அன்று காலை கால்நடை மருத்துவர் வந்தார். கூண்டுக்குள் தலையை நீட்டியவர் உடனே வெளியே இழுத்துக்கொண்டார். “சார், நீங்களே ஒரு தடவை உள்ளே முகர்ந்து பாருங்கள்” என்றார். முகர்ந்தேன். கண் எரிந்தது. மூக்கில் ஊசி குத்தியது போல் இருந்தது. தகரத்தின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்து நின்று சொட்டிக்கொண்டிருந்தது. மழைநீர் ஒரு துளிகூட உள்ளே நுழையவில்லை. அத்தனையும் கோழிகள் விட்ட மூச்சு!

மருத்துவர் மருந்து கொடுத்துவிட்டுப் போனபின், அடுத்த வீட்டு ஆயா வேலியருகில் வந்து நின்றாள். எழுபது வயது இருக்கும். வாழ்நாளெல்லாம் வெங்காயம் பயிர் செய்தவள். அவளிடமும் பன்னிரண்டு கோழிகள் இருந்தன. அதே மழையில் ஒன்றுக்குக்கூடத் தும்மல் இல்லை.

“வாத்தியாரே, எங்க காட்டுப் பட்டறையில வெங்காயம் வச்சிருக்கிறதைப் பாத்திருக்கீங்கல்ல? அதை இப்படித் தகரப் பெட்டியில போட்டுத் தார்ப்பாயால மூடி வச்சா என்ன ஆகும்?” என்று கேட்டாள்.

“அழுகிப் போகும், ஆயா.”

“மூச்சு விடாத வெங்காயத்துக்கே அப்படின்னா, மூச்சு விடுற உசுருக்கு?”

தாவர சாஸ்திரப்படி வெங்காயமும் சுவாசிக்கத்தான் செய்கிறது என்று திருத்தலாமா என்று என் வாத்தியார்ப் புத்தி ஒரு கணம் துடித்தது. நல்லவேளையாக வாய் திறக்கவில்லை.

வெங்காயப் பட்டறையைக் காணாத நகரவாசிகளுக்காகச் சொல்லுகிறேன். தரையில் கல்லையோ செங்கல்லையோ அடுக்கி, அதன்மேல் கழிகளைப் பரப்பி, பக்கங்களில் காற்றுப் போகும்படி தட்டி கட்டி, மேலே ஓலையோ கீற்றோ வேய்ந்திருப்பார்கள். அடியிலும் பக்கத்திலும் காற்று உலாவும். மேலிருந்து மழை இறங்காது. தரையின் ஈரம் மேலே ஏறாது. விதை வெங்காயம் மாதக்கணக்கில் அதில் கெடாமல் இருக்கும். ஆயாவின் கோழிகள் உறங்கியது அத்தகைய ஒரு பழைய பட்டறையின் மூலையில்தான். சாஸ்திரம் படித்தவன் தகரப் பெட்டி செய்தான். வெங்காயம் படித்தவள் கோழிகளைக் காப்பாற்றினாள்.

பகை எது?

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தார்கள் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மேல்நாட்டார் ‘விண்டர்’ என்று ஒரே சொல்லால் குறிப்பது நமக்கு இரண்டு காலமாகிறது. முதலாவது ஈரக் குளிர். இரண்டாவது பனிக் குளிர். கோழி வளர்ப்போர் இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் வெறும் குளிரைக் கோழி எளிதில் தாங்கும்; ஈரத்தைத் தாங்காது.

கோழியின் உடல் உஷ்ணம் நம்முடையதைவிட அதிகம்; சுமார் 41 டிகிரி சென்டிகிரேடு. இறகுகளுக்கு இடையில் காற்றைத் தேக்கி வைத்துக்கொண்டு, அதையே மெத்தையாகப் போர்த்திக்கொள்கிறது. இரவில் கழியின்மேல் அமர்ந்து, கால்விரல்களை வயிற்று இறகால் மூடி, அலகை இறகுக்குள் செருகிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் மார்கழி இரவில் வெப்பம் பெரும்பாலும் 18, 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. வளர்ந்த கோழிக்கு இது குளிரே அன்று; சுகமான நிலை.

ஆனால் இறகு நனைந்தால் அந்தக் காற்று மெத்தை போய்விடுகிறது. நனைந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு உறங்குவது போன்ற கதிதான். இது ஒரு தீங்கு. இன்னொன்று உள்ளிருந்தே வருகிறது. கோழி எச்சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். மூச்சிலும் நீராவி வெளிப்படுகிறது. கூண்டை அடைத்து வைத்தால் இந்த ஈரம் போக வழியில்லை. ஈரமான எச்சத்தில் கிருமிகள் பெருகி, அதிலுள்ள யூரிக் அமிலத்தைச் சிதைத்து அம்மோனியா வாயுவை உண்டாக்குகின்றன. நவச்சார நெடி என்று நாம் சொல்லுவது அதுவே. அந்த வாயு கண்ணை எரித்து, மூச்சுக்குழலின் உட்புறத்திலுள்ள நுண்ணிய மயிர்களைப் பழுதாக்குகிறது. கிருமிகளை வெளியே தள்ளும் காவற்காரர்கள் அந்த மயிர்களே. காவல் போன வீட்டில் திருடன் நுழைவதுபோல், சளி நோய்கள் நுழைகின்றன. என் தகரப் பெட்டிக்குள் நடந்தது இதுதான்.

“கார்த்திகை, மார்கழியில் முட்டை குறைகிறதே, அது குளிரால்தானே?” என்று கேட்பீர்கள். அதற்கும் குளிர் முக்கியக் காரணமன்று. கோழி முட்டையிடுவதைப் பகலின் நீளமே பெரும்பாலும் ஆளுகிறது. நன்றாக முட்டையிடுவதற்கு 14 மணி முதல் 16 மணி வரை வெளிச்சம் வேண்டும். மார்கழியில் நம் பகலோ பதினொன்றரை மணி நேரந்தான். அதோடு பழைய இறகை உதிர்த்துப் புதிது முளைக்கும் ஓய்வுக் காலமும் வந்து சேர்கிறது. முட்டை குறைந்தது என்று கூண்டை இறுக மூடுவது, பசிக்கிறது என்று அழும் குழந்தைக்குச் சட்டை மாட்டுவதைப் போன்றது.

உலகம் கற்ற பாடம்

நான் செய்த பிழையை என்னைவிடப் பெரியவர்களும் செய்திருக்கிறார்கள் என்று பின்பு படித்தபோது மனம் சற்றுத் தேறியது. அமெரிக்காவில் பனிக்கட்டி பெய்யும் மாகாணங்களில் ஒரு காலத்தில் கோழி வீடுகளைச் சந்தில்லாமல் பலகை அடித்து, கண்ணாடி ஜன்னல் வைத்து அடைத்தார்கள். உள்ளே ஈரம் கோத்து, கோழிகளுக்குச் சளியும் கண் வீக்கமும் கண்டன. மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த பிரின்ஸ் உட்ஸ் என்ற வைத்தியர் இதை மாற்ற வேண்டுமென்று வாதாடி, முன்புறத்தைக் கம்பி வலையோடு திறந்தே விட்ட கோழி வீடுகளைப் பற்றி 1912-ஆம் வருஷத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். மூன்று பக்கமும் நன்றாக அடைத்து, தெற்குப் பக்கத்தை மட்டும் திறந்து வைத்தால் உறைபனியிலும் கோழி நலமாக இருக்கும் என்பது அவருடைய கொள்கை. பனிக்கட்டி விழும் நாட்டிலேயே வாயில் திறந்திருக்கலாமென்றால், குரும்பலூரில் தார்ப்பாய் எதற்கு?

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து துறையூர் வழியாக மேற்கே சென்றால் நாமக்கல். முட்டைக்குப் பெயர் போன அந்தச் சீமையில் ஆயிரக்கணக்கான கோழிகளை அடக்கிய பெரிய கொட்டகைகளைக் காணலாம். அவற்றில் பலவற்றுக்குப் பக்கச் சுவரே கிடையாது, கம்பி வலைதான். கூண்டுகள் தரைக்கு வெகு உயரத்தில் தூண்களின்மேல் நிற்கும். வியாபாரம் செய்பவர்கள் சுவருக்குச் செலவழிக்கத் தெரியாதவர்களா? காற்று இல்லாவிட்டால் கோழி இல்லை என்பதை அவர்கள் அறிவார்கள்.

இயற்கையையும் கேட்டுப் பார்க்கலாம். நம் வீட்டுக் கோழியின் மூதாதையான காட்டுக்கோழி இரவில் மரக்கிளையில்தான் உறங்குகிறது. மேலே இலைக் கூரை, சுற்றிலும் காற்று, காலுக்கடியில் ஒரு கிளை. இந்த மூன்றையும் கொடுத்து, நான்காவதாகக் கீரியும் காட்டுப்பூனையும் எட்டாத காவலையும் கொடுத்துவிட்டால் கோழி வீடு பூர்த்தியாயிற்று.

எந்த வீட்டைத் தேர்ந்தெடுப்பது?

நம் பக்கத்தில் வழக்கத்திலுள்ள கூண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

முதலாவது, மூங்கிற் பஞ்சாரம். காற்றுக்குக் குறைவில்லை, செலவும் அற்பம். அடைக்கோழிக்கும் குஞ்சுகளுக்கும் இதைவிட நல்லது கிடையாது. பருந்துக்கும் எட்டாது. ஆனால் நாலைந்து கோழிக்கு மேல் கொள்ளாது. மழையில் தரை ஈரம் நேரே ஏறும். நாய் முட்டினால் கவிழும். திண்ணையிலோ தாழ்வாரத்திலோ வைப்பதானால் சரி. திறந்த கொல்லைக்கு ஆகாது.

இரண்டாவது, சுவரோரமாக மண்ணாலோ செங்கல்லாலோ கட்டி, வாயிலைக் கல்லால் அடைக்கும் குடாப்பு. கீரிக்கும் நாய்க்கும் இது கோட்டைதான். ஆனால் என் தகரப் பெட்டிக்கு இது அண்ணன். காற்று இல்லை, தரை ஈரம், சுவர் வெடிப்புகளில் இரத்தம் உறிஞ்சும் உண்ணிகள் பகலெல்லாம் ஒளிந்திருந்து இரவில் கோழிமேல் ஏறும்.

மூன்றாவது, தகரப் பெட்டியும் பழைய பீப்பாயும். மார்கழியில் வேர்க்கும், சித்திரையில் வேகும். இதைப்பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை.

நான்காவது, நகரங்களில் விற்கும் முழுக் கம்பிவலைக் கூண்டு. சுத்தம் செய்ய எளிது. மாட்டுக் கொட்டகைக்குள்ளோ பின்கட்டுத் தாழ்வாரத்திலோ வைத்துக்கொள்ள ஏற்றது. வெட்டவெளியில் வைத்தால் வாடைக் காற்றும் சாரலும் நேரே அடிக்கும்.

ஐந்தாவது, தரையிலிருந்து உயர்த்திக் கழிகளால் தளமிட்டு, கூரை வேய்ந்த குடில். அதாவது வெங்காயப் பட்டறையின் தங்கை. எட்டுப் பத்துக் கோழி வைத்திருக்கும் குடும்பத்துக்கு மழைக்காலத்தில் இதுவே மிகச் சிறந்தது என்று தயங்காமல் சொல்லுவேன். ஈரம் கீழே போகும். எச்சமும் கீழே விழும். கோழி மேலே உலர்ந்திருக்கும்.

பத்துக் கோழிக்கு ஒரு குடில்

கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி வீதம் பத்துக்கு 20 சதுர அடி வேண்டும். கிழக்கு மேற்காக 5 அடி, தெற்கு வடக்காக 4 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலைக்கும் நான்கு கால்கள். வேம்போ சவுக்கோ எதுவானாலும் சரி. கறையான் ஏறாமலிருக்கக் கால்களைத் தட்டைக் கல்லின்மேல் நிறுத்துவது நல்லது. தளம் தரைக்கு 2 அடி மேலே இருக்கட்டும். மூங்கிற் பிளாச்சுகளையோ கழிகளையோ முக்கால் அங்குல இடைவெளி விட்டு அடித்தால் எச்சம் கீழே விழுந்துவிடும். அதை அடிக்கடி வாரி எடுத்து மட்கவைத்தால் முருங்கைக்கும் வாழைக்கும் நல்ல எரு.

இனித் திசை. ஐப்பசி முதல் மார்கழி வரை நமக்குக் காற்றும் சாரலும் வடகிழக்கிலிருந்து வருகின்றன. ஆகையால் வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும் அடைத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் பருத்திமாருக்குப் பஞ்சமில்லை. அதைத் தட்டியாகக் கட்டி, மேலே சாணமும் களிமண்ணும் கலந்து பூசினால் போதும். மேற்கிலும் அப்படியே அடைத்து ஒரு கதவு வையுங்கள். தெற்குப் பக்கத்தில் கீழே ஒன்றரை அடிக்குத் தட்டி. அதற்குமேல் முழுதும் கம்பி வலை.

தெற்கைத் திறந்து வைப்பதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 பாகையில் இருப்பதால், மார்கழி நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கிறான். அவனுடைய கிரணம் குடிலுக்குள் புகுந்து ஈரத்தை உலர்த்தும். சித்திரை முதல் வாரம் தொடங்கி ஆவணி முதல் வாரம் வரையில் நண்பகற் சூரியன் நம் தலைக்கு வடபுறமாகச் செல்லுகிறான். அப்போது அதே தெற்கு முகம் நிழலில் இருக்கும். பனிக்கு வெயில், வெயிலுக்கு நிழல்! ஒரு காசும் செலவில்லாமல் சூரியன் செய்து தரும் சேவை இது.

கூரை ஒரே சரிவாக இருக்கட்டும். தளத்திலிருந்து தெற்கே 5 அடி, வடக்கே 4 அடி உயரம். கீற்றை இரட்டையாக வேயலாம். பனையோலையும் நாட்டு ஓடும் சிலாக்கியமே. தகரந்தான் கிடைக்குமென்றால் அதன்மேல் கீற்றுப் போடுங்கள். வேர்வையும் வெப்பமும் குறையும். தெற்கே கூரை 2 அடியாவது வெளியே நீண்டிருந்தால் சாரல் உள்ளே வராது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கூரைக்குச் சற்றுக் கீழே, வடக்குச் சுவரில்கூட, நீளத்துக்கும் ஓர் ஆறங்குல இடைவெளி விட்டு வலை அடித்துவிடுங்கள். அதை எக்காலத்திலும் அடைக்கக் கூடாது. உஷ்ணமும் ஈரமும் கொண்ட காற்று மேலே எழும்பி அந்த வழியாக வெளியேறும். கோழிகள் அமரும் மட்டத்தில் காற்று வீசக் கூடாது. அவற்றின் தலைக்கு மேலே காற்று நின்றுவிடக் கூடாது. கூதிர் காலக் கோழி வீட்டின் ரகசியம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிட்டது.

கோழிகள் அமர வடக்குச் சுவரை ஒட்டினாற்போல், தளத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இரண்டு கழிகளைக் குறுக்கே கட்டுங்கள். கழி இரண்டங்குல அகலமாய், ஓரம் மழுங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் விரல்களை விரித்து அமர்ந்து, அவற்றை இறகால் மூடிக்கொள்ள முடியும். ஒரு கோழிக்கு எட்டு ஒன்பது அங்குல இடம். இரண்டு கழியும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருந்தால் உயர்ந்த ஆசனத்துக்கு இரவெல்லாம் போட்டி நடக்கும். கோழிகளும் நம்மைப் போலத்தான்!

முட்டையிட ஓரடிக்கு ஓரடியாய் இரண்டு பெட்டிகள், இருட்டான மூலையில், வைக்கோல் பரப்பி வைத்தால் போதும். வலையை மட்டும் சிக்கனம் கருதி மட்டமாக வாங்கிவிடாதீர்கள். கோழிவலை என்று கடையில் விற்கும் மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே வைக்குமேயன்றி நாயை வெளியே வைக்காது. அரையங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலையே கீரிக்கும் பெருச்சாளிக்கும் தடை.

செலவைக் கேட்கிறீர்களா? என் இரண்டாவது குடிலுக்கு 2,400 ரூபாய் ஆயிற்று. அதில் பெரும்பகுதி வலைக்கும் ஆணிக்கும். மற்றவை கொல்லையிலும் காட்டிலும் கிடைத்தவை. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் கிராமப் புனருத்தாரண நிலையம் அமைத்து, தேனீ வளர்ப்பும் கோழி வளர்ப்பும் கற்பித்த ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர், எந்தச் சீர்திருத்தமும் ஏழைக் குடியானவன் கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். கோழி வீட்டுக்கு அந்த விதியை முதலில் பொருத்தலாம். பத்துக் கோழியின் விலையை விழுங்கிவிடும் கூண்டு கோழிக்கு வீடாகாது, முதலாளிக்குக் கடனாகும்.

மழை இரவில் செய்ய வேண்டியவை

வீடு நன்றாக இருந்தால் மட்டும் போதாது. வீட்டுக்காரரும் சிறிது கவனிக்க வேண்டும்.

சாரல் பலமாக அடிக்கும் இரவில் தெற்கு வலைக்குச் சாக்குத் திரை போடலாம். ஆனால் திரையைக் கீழிருந்து மேலே ஏற்றிக் கட்டுங்கள். உச்சியில் ஓரடி எப்போதும் திறந்திருக்கட்டும். மேலிருந்து கீழே தொங்கவிட்டால், கோழிமேல் காற்று அடிக்கும். கெட்ட காற்றோ உள்ளேயே நிற்கும்.

மாலையில் அடைவதற்குமுன் ஆளுக்கொரு சிறு பிடி மக்காச்சோளமோ கம்போ இறையுங்கள். இரைப்பை நிறைந்திருந்தால் அது இரவெல்லாம் சீரணித்து உடலுக்கு உஷ்ணம் தரும். நனைந்த கோழியை அப்படியே உள்ளே விடாமல், தாழ்வாரத்தில் சிறிது உலரவிட்டு அடையுங்கள்.

விடியற்காலையில் கதவைத் திறந்தவுடன், கோழி அமரும் மட்டத்தில் உங்கள் முகத்தை வைத்து முகர்ந்து பாருங்கள். நெடி அடித்தால் காற்று போதவில்லை. கூரையின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். கை நனைந்தால் மேல் இடைவெளி போதவில்லை. நெடியில்லாமல், கையும் நனையாமல் இருந்தால் உங்கள் கோழிகள் பிழைத்தன. இந்தப் பரீட்சைக்குக் கருவி எதுவும் வேண்டாம். பிள்ளைகளையே செய்யச் சொல்லலாம்.

வாரம் ஒரு முறை கீழே விழுந்த எச்சத்தை வாரிவிட்டுச் சுண்ணாம்பு தூவுங்கள். மாதம் ஒரு முறை கழிகளின் பொருத்துகளில் மண்ணெண்ணெய் தடவினால் உண்ணி ஒளிய இடமிராது.

குஞ்சுகள் விஷயம் வேறு. பெரிய கோழிக்குச் சொன்னதெல்லாம் அவற்றுக்குப் பொருந்தாது. பொரித்த முதல் வாரத்தில் குஞ்சுக்கு 35 டிகிரி உஷ்ணம் வேண்டும். பின்பு வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். தாய்க்கோழியின் இறகே அதற்குத் தக்க இடம். மழைக்காலத்தில் பொரித்த குஞ்சுகளைத் தாயோடு பஞ்சாரத்தில் மூடி, தாழ்வாரத்தில் உமிப் படுக்கையின்மேல் வையுங்கள். ஓலைக் குடிலுக்குள் சூடேற்றும் விளக்கைத் தொங்கவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஓலையும் சூடும் பக்கத்தில் இருந்தால் என்ன நேரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எவ்வளவு நல்ல வீடு கட்டினாலும் வெள்ளைக்கழிச்சல் நோயை அது தடுக்காது. 1920-களின் பிற்பகுதியில் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால் அந்த ஊரின் பெயரைப் பெற்ற இந்த நோய், ஓர் ஊரின் கோழிகளையெல்லாம் சில நாளில் வாரிக்கொண்டு போகும். இதற்கு மருந்து இல்லை. தடுப்பு மருந்து மட்டுமே உண்டு. கிராமத்துக் கோழிகளுக்கு அரசாங்கக் கால்நடைத் துறையார் பிப்ரவரி மாதத்தில் முகாம் நடத்தி இலவசமாகவே தடுப்பூசி போட்டு வருகிறார்கள். அன்று மட்டும் கோழிகளைக் காலையில் திறந்துவிடாமல் வைத்திருந்தால் போதும். நல்ல வீடு இருந்தால் பிடிப்பதும் எளிது.

முடிவாக

எங்கள் ஏழு பெட்டைகளில் மேலும் ஒன்று போயிற்று. ஆறு பிழைத்தன. ஆயாவும் நானும் என் பெண்ணும் சேர்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் புதுக் குடிலைக் கட்டினோம். ஆயா தட்டி பின்னினாள். பெண் அடிக்கோல் பிடித்தாள். எனக்குக் கிடைத்த வேலை ஆணியை எடுத்துக் கொடுப்பது. மார்கழிப் பனியில் நான் எழுந்துபோய் மூடலாமா என்று இரண்டு மூன்று தடவை தவித்ததுண்டு. ஒவ்வொரு தடவையும் வெங்காயத்தை நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

தை மாதம் ஒரு விடியற்காலையில் சேவல் பழைய குரலில் கூவியது. தெருக்கோடி வரையில் கேட்டிருக்கும். சமையலறையில் இருந்த என் மனைவி, அந்தக் கார்த்திகைக்குப் பிறகு முதல் முறையாகக் கூண்டைப் பற்றி வாய் திறந்தாள். “இந்த வீடு பரவாயில்லைங்க” என்றாள். டப்பாவில் மறுபடியும் காசு விழத் தொடங்கியது.

தகரப் பெட்டியை நாங்கள் எறிந்துவிடவில்லை. அதில் இப்போது விறகு வைத்திருக்கிறோம். விறகுக்கு அது மிகப் பொருத்தமாக இருக்கிறது. விறகு மூச்சு விடுவதில்லை.

புரட்டாசி நடக்கிறது. ஐப்பசி மழைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. உங்கள் கொல்லைக் கூண்டை இன்று மாலையே ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். வடகிழக்கு அடைத்திருக்கிறதா, தெற்கு திறந்திருக்கிறதா, கூரைக்கடியில் ஓர் ஆறங்குலம் காற்றுக்கு வழியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். ஒரு பெண்மணியின் சிறுவாட்டைக் காப்பதற்கு அது பெரிய உழைப்பன்று.